மரியாதைக்கு முப்பத்திரண்டு இடம்

வள்ளியாத்தாள் அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன காரணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய கன்ட்ரோல் சிஸ்டத்தைக் கழற்றிப் புதியதை மாட்டியிருந்தேன். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தப் புதுத் திரையை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒப்படைப்புப் படிவம் இருந்த டேப்லெட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இது மருவாதி இல்லாமப் பேசுதுங்க அம்மணி. இதுகூட நா வேலை செய்ய மாட்டனுங்க.”

“எதுங்க்கா?”

“இதா, இந்த மெஷினுதான்.”

திரையின் உச்சியில் சிவப்புப் பட்டையில் ஒரு வரி மின்னிக்கொண்டிருந்தது: ‘2-ம் வால்வை மூடு’.

“யாரைப் பாத்து மூடுங்குது? பதினேழு வருசமா இங்க இருக்கறேன். மொதலாளியே ஒரு நாளு வா போன்னு பேசுனதில்லீங்க. இது முந்தாநேத்து வந்துது. இன்னைக்கு மூடுங்குது!”

பெருந்துறைப் பக்கம் இருக்கிற பால் ஆலை அது. நரசிம்மலு என்பவர் தன் அம்மா லட்சுமியம்மாள் பெயரில் நடத்துகிறார். எந்தத் தொட்டியில் எவ்வளவு பால், எத்தனை டிகிரி, எந்தப் பம்பு ஓட வேண்டும், எந்தக் குழாயை எப்போது கழுவ வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது. ஏதாவது கார்டு போனால் கம்பெனியில் கிடைக்காது, கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடித்தான் வாங்கி வருவார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனம் காய்ந்து காய்ந்து அதன் காற்று ஓட்டைகள் பாதி அடைத்துப்போயிருந்தன. இனிமேல் தாங்காது என்றுதான் எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார்கள்.

பழைய கம்ப்யூட்டர் இங்கிலீஷில் பேசும். அக்கா மாதிரி ஆபரேட்டர்களுக்குப் புரியட்டும் என்று புதியதைத் தமிழில் பேச வைத்தவள் நான். அதற்குக் கிடைத்த பரிசு இது.

“அக்கா, பழசும் மூடு, திற, நிறுத்துன்னுதானே சொல்லிச்சு? இங்கிலீஷ்ல சொல்லிச்சு, அவ்வளவுதான்.”

“இங்கிலீசுல வைதாக்கூட வைதாப்பல இருக்காதுங்க. இது தமிழுங்களே, நேரா வந்து குத்துது.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நேராக முதலாளி அறைக்குப் போனேன். போகும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் படுத்திருக்கும் நாயையே ‘கொஞ்சம் தள்ளிப் படுங்க’ என்று சொல்கிற மனிதர் நரசிம்மலு. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “அவங்க சொல்றது நாயந்தானுங்களே” என்றார்.

என் அவசரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனியில், ஆலைக்கு நேரில் போய் சிஸ்டம் மாற்றுகிற வேலை எனக்கு உயிர். பேனல் கதவைத் திறந்தால் வருகிற சூடான ஒயர் வாசனை எனக்குப் பிடிக்கும். சொன்னால் வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். போன வருடம் அந்தியூர்ப் பக்கம் ஒரு மாட்டுத் தீவன ஆலையில் நான் மாட்டிய சிஸ்டம் ஓடாமல் முடங்கிப்போனது. அதுவும் எப்போது? தீவனம் மலையாக விற்கிற குதிரைச் சந்தைக்கு நான்கு நாள் இருக்கும்போது. பழைய பெட்டியையே திரும்ப மாட்டிவிட்டு வந்தோம். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குப் பெயர் ‘குதிரை’. வேலை, நாற்காலியில் உட்கார்ந்து ஒயருக்கு நம்பர் போடுவது.

பெயரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் முதலாளி கிருபாசங்கர் சார் அதுவரை ‘வாங்க பிரத்யுஷா, சொல்லுங்க பிரத்யுஷா’ என்றுதான் பேசுவார். அந்தியூருக்குப் பிறகு அது ‘வா’ ஆனது, ‘சொல்லு’ ஆனது. அவர் வேண்டுமென்று செய்தாரோ, தானாக உதிர்ந்ததோ தெரியாது. ஒரு வருடமாக அந்த ‘ங்க’ இல்லாத பேச்சு எனக்குள் முள்ளாகக் கிடந்தது. இந்தப் பால் ஆலைக்கு அனுப்பும்போது, “ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னண்டுக்குள்ள ஆபரேட்டர் கையெழுத்தோட படிவம் வந்துடணும். வரலைன்னா ரித்விக் வந்து முடிப்பான். நீ நாற்காலிக்கே போயிடு” என்றார்.

ஆகவே வள்ளியாத்தாள் அக்காவின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு ‘ங்க’ போனால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா? புரிந்ததால்தான் இன்னும் எரிச்சல் வந்தது.

“சரிங்க்கா, மாத்திடறேன்” என்றேன். “எல்லாச் செய்திக்கும் ‘ங்க’ போட்டுடறேன். போதுமா?”

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தோம். நான் எக்செல்லில் ஒவ்வொன்றாகப் படிக்க, அக்கா திருத்தம் சொன்னார். மூடு என்பது மூடுங்க ஆனது. நிறுத்து என்பது நிறுத்துங்க ஆனது. ‘பம்பு பழுது’ என்பதற்குக்கூட ‘பம்பு பழுதுங்க’ என்றார். பழுதான பம்புக்கு எதற்கு மரியாதை என்று கேட்டேன். “பம்புக்கில்லீங்க, கேக்கற எனக்கு” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஷேக் பரீத் உள்ளே வந்தார். தொட்டிகளுக்கு நடுவே நடந்து வால்வுகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் பிறந்து, பெருந்துறையில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். எக்செல்லை எட்டிப் பார்த்தார்.

“எல்லாஞ் சரிங்க. ஆனா திடீர்னு மூடுங்கன்னு சொன்னா திடுக்குங்குதுல்லீங்க? ஒருத்தரு ஊட்டு வாசல்ல நின்னாக்கூட மொதல்ல கூப்புடுவமில்ல? இதும் ஏனுங்கன்னு கூப்புட்டுப்போட்டு அப்புறமாச் சொல்லட்டுங்க.”

“அதானுங்க!” என்று அக்கா மேசையைத் தட்டினார்.

எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளின் முன்னாலும் ஒரே அழுத்தில் ‘ஏனுங்க,’ என்று சேர்த்துவிட்டேன். அதைப் புதுப் பெட்டிக்குள் ஏற்றினேன். முதல் நாற்பது செய்திகளை வரவழைத்துப் பார்த்தோம். ‘ஏனுங்க, கதவைச் சாத்துங்க’ என்றது திரை. ‘ஏனுங்க, பம்பை நிறுத்துங்க’ என்றது. இரண்டு பேருக்கும் முகமெல்லாம் பல். கதவுச் செய்தியை மறுபடி வரவழைத்து, “சாத்தறனுங்க, சாத்தறனுங்க” என்று பரீத் பாய் திரைக்குப் பதில் சொல்லிப் பார்த்தார். மீதி இருநூற்று எழுபத்திரண்டையும் பார்த்திருக்க வேண்டும். இருட்டிவிட்டது, பசி. நாற்பது சரியாக இருந்தால் எல்லாம் சரிதான் என்று சோதனைத் தாளில் முழுக்க டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஞாயிறு காலை நிஜப் பாலில் ஓட்டம். ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து மறுபடி பாடம் நடத்தினேன். எங்கள் தொழிலில் பெரிய தலைவலி, பழைய பழக்கத்தில் ஆபரேட்டர்கள் தாங்களாகவே எதையாவது செய்வது.

“திரை என்ன சொல்லுதோ அதை மட்டும் செய்யுங்க. நீங்களா யோசிச்சு எதையும் செய்ய வேண்டாம். சந்தேகம் வந்தாலும் திரையை நம்புங்க.”

“சரீங்க” என்றார் பரீத் பாய், நல்ல பையன் மாதிரி.

எட்டு மணிக்கு மூன்று தொட்டிகள் காலியாகிவிட்டன. நான்காம் தொட்டியில் மட்டும் ஆறாயிரம் லிட்டர் பால் நின்றது. எட்டே முக்காலுக்குப் பெரிய குழாயைக் கழுவுகிற வேலை தானாக ஆரம்பித்தது. குழாய்க்குள் சூடான காஸ்டிக் சோடாத் தண்ணீர் ஓடும். அந்த நேரத்தில் எந்தத் தொட்டியும் குழாயோடு சேரக் கூடாது. மற்ற தொட்டிகளுக்குத் தானாக மூடிக்கொள்ளும் வால்வு உண்டு. நான்காம் தொட்டிக்கு மட்டும் கையால் சுற்றுகிற பழைய சக்கர வால்வு. புதியது வர இன்னும் மூன்று வாரம். அதனால் அங்கே எங்கள் சிஸ்டத்தால் எச்சரிக்கை மட்டும்தான் காட்ட முடியும். கன்ட்ரோல் அறையிலும், தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திரையிலும் அது வரும்.

நான் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டேபில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மனசு பாதி கணபதி ஆபீசுக்குப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு முன்பே அனுப்பிவிடலாம், குதிரை ஜெயித்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

“அம்மணி” என்றார் வள்ளியாத்தாள் அக்கா. “இது என்னுங்க, ஒரு மாதிரி பேசுது?”

“திரை என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்கக்கா” என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“இல்லீங்க. இது அது பேச்சில்லீங்க.”

“அக்கா, நேத்து பூரா நீங்க சொல்லித்தானே மாத்தினேன்? இன்னும் என்னதான் மரியாதை வேணும்?”

நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. அக்கா மைக்கைப் பிடுங்கி எடுத்து, ஆலை முழுக்க எதிரொலிக்கக் கத்தினார்.

“பாய்! கைய எடுங்க! சக்கரத்தத் தொடாதீங்க!”

நான் திரும்பினேன். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பரீத் பாய் இரண்டு கையாலும் நான்காம் தொட்டியின் சக்கரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அப்புறம் திரையைப் பார்த்தேன்.

‘ஏனுங்க, 4-ம் தொட்டி வால்வைத் திற’

அங்கே இருந்திருக்க வேண்டியது ‘திறக்காதீங்க’. ‘திற’ வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

பாய் அரைச் சுற்றுச் சுற்றியிருந்தால் ஆறாயிரம் லிட்டர் பாலிலும் காஸ்டிக் கலந்திருக்கும். கழுவுகிற பம்பை நிறுத்தினேன். பாய் உள்ளே வந்தார்.

“கழுவறப்போ இதத் தொறக்கப்படாதேன்னு எனக்கும் இருந்துச்சுங்க. ஆனா நீங்கதான் ரோசிக்க வேண்டாம், தெரையத்தான் நம்போணும்னீங்க.”

கழுவுகிற பம்பு நின்றுவிட்டதா என்று இன்னொரு தடவை பார்த்தேன்.

“உங்களுக்கு எப்படிங்க்கா தெரிஞ்சுது?” என்று அக்காவைக் கேட்டேன்.

“அட, ஏனுங்கன்னு கூப்புட்டுப்போட்டு எவனாச்சும் திறன்னு சொல்லுவானுங்களா?” என்றார் அவர். “கூப்புட்டாப் பொறகு திறங்கன்னு வரோணும், இல்லாட்டித் திறக்காதீங்கன்னு வரோணும். வெறும் திறன்னா, பேச்சு பாதிலயே நின்னுபோச்சுன்னுதான அர்த்தம்? வாயில எதையோ போட்டு முழுங்கிப்போட்டுது உங்க மெஷினு.”

கையேட்டைப் புரட்டினேன். நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. ஒரு செய்திக்கு முப்பத்திரண்டு இடம்தான், அதற்கு மேல் இருப்பதைப் பெட்டி சத்தமில்லாமல் வெட்டிவிடும். நான் நூற்றுப் பத்து வரைதான் படித்திருந்தேன். அதுவும் தமிழில் புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் அது தனித்தனி இடம் எடுத்துக்கொள்கிறது. நமக்கு ‘ங்க’ இரண்டு எழுத்து, அதற்கு மூன்று இடம். மரியாதை இல்லாத என் பழைய ‘திறக்காதே’ முப்பது இடத்தில் அடங்கி உட்கார்ந்திருந்தது. ‘ஏனுங்க’ முன்னால் வந்து உட்கார்ந்ததும் பின்னால் இருந்தது கீழே விழுந்துவிட்டது.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஒரு செய்தியை மட்டும் சுருக்கிவிட்டு, படிவத்தை அனுப்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பால் கெடவில்லை. கிருபாசங்கர் சாருக்கு யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் இன்னும் எத்தனை செய்தி வாலறுந்து கிடக்கிறதோ எனக்கே தெரியாது. வள்ளியாத்தாள் அக்கா வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்தேன்.

“சார், பன்னண்டுக்கு முடியாது.”

“அந்தியூரா?” என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

“இல்ல சார். தப்பு என்னோடது. நாற்பது செய்தியைப் பார்த்துட்டு முந்நூத்துப் பன்னண்டுக்கும் டிக் போட்டுட்டேன்.” நடந்ததை ஏனுங்கவிலிருந்து திற வரைக்கும் விடாமல் சொன்னேன். எனக்கே அது ஏதோ கதை விடுவது மாதிரி இருந்தது.

“ரித்விக்கை அனுப்பறேன். நீ கிளம்பி வா.”

“அவன் வர ரெண்டு மணி நேரமாகும் சார். எனக்கு நாலு மணி வரைக்கும் டைம் கொடுங்க. அத்தனையும் நானே ஒவ்வொண்ணாப் பாத்துடறேன்.”

“நாலு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆபத்தான செய்திகளைப் பழையபடி இங்கிலீஷுக்கு மாற்றி வைத்து ஆலையை ஓடவிட்டோம். மூன்று பேரும் எக்செல் முன்னால் உட்கார்ந்தோம். வாலறுந்தவை அறுபத்தேழு. ‘ஏனுங்க’வைத் தூக்கிவிடலாமா என்று நான் பயந்து பயந்துதான் கேட்டேன்.

“தூக்குங்க. கூப்புடறதுக்கு ஒரு மணிச் சத்தம் வெச்சுப்போட்டாப் போச்சு” என்றார் அக்கா. “ஆனா வேண்டாங்கறத முன்னாடியே சொல்லிப்போடோணும். நம்ம பாய் அரைப் பேச்சுலயே கிளம்பற ஆளு.”

“நானுங்களா?” என்றார் பாய்.

அக்கா சொல்லச் சொல்லத் தட்டினேன்: ‘வேண்டாமுங்க, 4-ம் தொட்டி வால்வு’. இப்போது எங்கே வெட்டினாலும் ‘வேண்டாமுங்க’ முன்னால் நிற்கும். புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணினோம். முப்பத்தொன்று.

“ஒரு இடம் மிச்சங்க்கா.”

“அதுல ஒரு முத்துப்புள்ளி வெச்சுப்போடுங்க. பேச்சு முடிஞ்சுதுன்னு தெரியட்டும்.”

பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. எல்லாச் செய்தியின் கடைசியிலும் ஒரு முற்றுப்புள்ளி. புள்ளி இல்லாமல் ஒன்று வந்தால் அது பாதிப் பேச்சு, நம்பக் கூடாது என்று படிவத்திலும் குறித்துவைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திரைக்கு வரவழைத்தோம். பாய் ஒவ்வொன்றுக்கும் ‘புள்ளி இருக்குதுங்க’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். பம்பு பழுதுங்க என்பதையும் விடவில்லை. மத்தியானம் நரசிம்மலு ஐயா அனுப்பிய தயிர்ச் சாதத்தை எழுந்திருக்காமலே சாப்பிட்டோம்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டேபை நீட்டினேன். அக்கா கையெழுத்தை விரலாலேயே போட்டார். அதற்குக் கீழே ‘ஆபரேட்டர் கருத்து’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஏதோ எழுத ஆரம்பித்தார். எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். நான் எட்டிப் பார்த்தால் டேபை மார்போடு அணைத்துக்கொண்டார். எழுதி முடித்ததும் அவரே அனுப்பியும்விட்டார்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. கிருபாசங்கர் சார்.

“படிவம் வந்துச்சு. ஆபரேட்டர் கருத்தைப் படிக்கறேன், கேளு” என்றார். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. “ஏனுங்க, இந்த அம்மணியை வேலையிலிருந்து எடு.”

காலையில் எரிந்து விழுந்ததற்கா? முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கா? பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்ச் சாதம் சாப்பிட்டுவிட்டு இப்படியா எழுதுவார்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அவ்வளவுதான் இருக்கு” என்றார் சார். “ரித்விக் பண்ணின படிவம். அந்தக் கட்டத்துல நாப்பது இடம்தான் விட்டிருக்கான், மடையன்.” அதற்கு மேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நானும் கோபிச்செட்டிபாளையத்துக்காரன்தான். ஏனுங்கன்னு கூப்பிட்டவங்க எடுன்னு முடிக்க மாட்டாங்க. படிவத்துல சொன்ன அந்தப் புள்ளியும் இல்லை. மீதி என்ன எழுதினாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, பிரத்யுஷா.”

சொல்லுங்க. ஒரு வருடம் கழித்துக் கேட்கிறேன். இரண்டெழுத்து, மூன்று இடம். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வள்ளியாத்தாள் அக்கா அப்போதுதான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஏனுங்க்கா!” என்று கத்தினேன். “கடைசியா என்ன எழுதுனீங்க?”

“எடுக்காதீங்கன்னு எழுதுனனுங்க அம்மணி” என்றார் அவர், வண்டியை நிறுத்தி. “ஏனுங்க, முழுசா வரலீங்களா?”